அப்டேட்: இலை கொட்டுன ஃபைகஸ் பொழச்சிருச்சு

போன மாசம் போட்டிருந்தேன்ல, மதுரை வீட்டு ஹால்ல இருக்க ஃபைகஸ் பெஞ்சமினா (தொட்டியில வளக்குற அழகுச் செடி) தினம் ஒரு கை இலை கொட்டுதுன்னு, அது பொழச்சிருச்சுங்க. வெயில் காலம், தண்ணி பத்தலன்னு நெனச்சு தினமும் ஊத்திட்டேன், தொட்டிய கவுத்துப் பாத்தா அடிவேர் கருத்து கொழகொழன்னு ஒரே நாத்தம். அழுகுனத வெட்டிட்டு புது மண்ணுல வச்சாச்சு, இப்ப 2 இஞ்ச் வெரல விட்டு காஞ்சிருந்தாதான் தண்ணி.

ஏசி காத்து நேரா அடிச்ச எடத்துல இருந்து கிழக்கு ஜன்னலுக்கு மாத்துனதும் இன்னும் கொட்டுச்சு, எடம் மாறுனா அப்படித்தான், பயந்து மறுபடி நகத்தாதீங்க. மொட்டைக் குச்சிய நகத்தால கீறுனேன், உள்ள பச்சை, ஆலமரத்து வகையறாதான, பால் கசிஞ்சுச்சு, அப்பதான் உசுரே வந்துச்சு எனக்கு. அந்தப் பால் சிலருக்கு அரிக்கும், கைய கழுவிருங்க. நேத்து நுனியில சுருண்டு 3 துளிரு!