நறுக்கின மாம்பழம் 1 கப்னா எத்தனை கிராம்?

தென்காசிப் பொண்ணு:
வடகரை தோப்புல இருந்து சித்தி ஒரு பெட்டி மாம்பழம் குடுத்துவிட்டிருக்காங்க, எல்லாம் ஒரே நேரத்துல பழுத்துப்போச்சு, அதான் ஜாம் போடலாம்னு பாக்கேன். ரெசிபில நறுக்கின மாம்பழம் 4 கப், சீனி 2 கப்னு இருக்கு. எங்கிட்ட தராசு இருக்கு, அளவு கப் கிடையாது, ஆச்சி வச்சிருந்த பித்தளை உழக்குதான் கிடக்கு. எத்தனை கிராம் எடுக்கணும், எத்தனை பழம் உரிக்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாளை மதினி:
அமெரிக்கா கப்புன்னா 240 மில்லி பக்கம், அதுல நறுக்கின மாம்பழம் 165 கிராம் பிடிக்கும். 4 கப்புக்கு 660 கிராம். சீனி கப்புக்கு 200, ஆக 400 கிராம். தோலும் கொட்டையும் போக பழத்துல பாதிக்கு மேலதான் தேறும், அதனால முழுப்பழமா ஒண்ணேகால் கிலோ எடுத்துக்கிடுங்க, கொட்டை பெருசா இருக்குற நாட்டுப்பழம்னா இன்னும் ரெண்டு சேத்து வச்சுக்கிடுங்க. அன்னாசியும் இதே 165தான். ஆப்பிள் மட்டும் 125தான் வரும், அதுக்குள்ளயே நிறைய காத்து இருக்கு, தண்ணில போட்டா மிதக்குதுல்லா.

அம்பை அண்ணாச்சி:
மதினி சொன்ன கணக்கு சரி. ஆனா துண்டு எவ்வளவு பெருசுங்குறதுலதான் எல்லாம் இருக்கு தங்கச்சி. பெரிய துண்டா போட்டா நடுவுல சந்து விழும், கப் நிறைஞ்ச மாதிரி தெரியும், எடை கம்மியா நிக்கும். பொடிசா நறுக்கினா கூடப் பிடிக்கும், மசிச்சிட்டா சந்தே இருக்காது. வாழைப்பழத்தையே பாருங்க, வில்லையா நறுக்கினா கப்புக்கு 150 கிராம், மசிச்சா 225, அதே கப்புதான், அதே பழந்தான். ஜாமுக்கு சீனி கம்மியாப் போச்சுன்னா சீக்கிரம் பூசணம் பிடிச்சிரும், அதனால கப்பை நம்பி சீனி போடாதீங்க, பழத்தை நிறுத்து அதுக்குத் தக்கன போடுங்க.

உழக்கையும் கப்புன்னு நினைச்சிராதீங்க. பழைய கணக்குல உழக்கு 336 மில்லி, அதுவும் ஊருக்கு ஊர் மாறும். வெறும் உழக்கைத் தராசுல வச்சு பூஜ்யம் ஆக்கிட்டு விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்துங்க, எத்தனை கிராம் காட்டுதோ அத்தனை மில்லி. அதுல பத்துல ஏழு பங்குதான் நறுக்கின மாம்பழத்தோட எடை. 336 காட்டுச்சுன்னா 235 கிராம் பிடிக்கும்னு வச்சுக்கிடுங்க.

தென்காசிப் பொண்ணு:
ரொம்ப நன்றி அண்ணாச்சி, மதினி. ராத்திரியே சீனியப் போட்டுப் பிசறி வச்சிட்டு காலைல நிறுத்துக்கிடலாமா?

பாளை மதினி:
வேண்டாம்மா, நறுக்கின கையோட நிறுத்துருங்க. சீனி பட்டதும் பழம் தண்ணி விட்டு சுருங்கிரும், காலைல பாத்தா பாத்திரத்துல பாதிதான் இருக்க மாதிரி தெரியும். எடை எங்கயும் போவாது, ஆனா அப்ப நிறுத்தா சீனியும் சேந்துல்ல வரும், பழம் எவ்வளவுன்னு பிரிச்சுப் பாக்க முடியாது. பாத்திரத்தோட எடைய முதல்லயே ஒரு சீட்டுல எழுதி வச்சுக்கிடுங்க, ஜாம் இறக்கும்போது எவ்வளவு வத்தியிருக்குன்னு பாக்கவும் அது வேணும்.