ஃப்ரீ ஏஜென்ட் ஆகும் முன்பே நம் பிட்சரை அனுப்பிவிட்டார்கள்: உங்கள் அனுபவம்

ஈரிக்கரை

பேஸ்பாலில் எங்கள் கிளீவ்லாந்து அணி இரண்டு பெரிய பிட்சர்களை (பந்து வீசுபவர்களை) அடுத்தடுத்து வேறு அணிகளுக்குக் கொடுத்துவிட்டது. முதலில் சபாத்தியா, அப்புறம் லீ. கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். அதனால் நேராக அந்த ராத்திரிக்கு வருகிறேன்.

2009 அக்டோபர் 28. சாம்பியனை முடிவுசெய்யும் வேர்ல்ட் சீரிஸின் முதல் ஆட்டம், யாங்கீ ஸ்டேடியம். யாங்கீஸ் பக்கம் சி.சி. சபாத்தியா, ஃபில்லீஸ் பக்கம் கிளிஃப் லீ. சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை 2007இல் வாங்கியவரும் 2008இல் வாங்கியவரும். இரண்டு பேரும் எங்கள் கிளீவ்லாந்து சட்டையைப் போட்டுக்கொண்டு அந்த விருதை வாங்கியவர்கள். ஒருவரை 2008 ஜூலையில் மில்வாக்கிக்கு அனுப்பினார்கள், அடுத்தவரை 2009 ஜூலையில் பிலடெல்ஃபியாவுக்கு. நாங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பையனுக்கு அப்போது ஒன்பது வயது. 52ஆம் எண் போட்ட பழைய சட்டை, கை ஏறிப்போய் முழங்கைக்கு மேலே நிற்கிறது. முதல் இன்னிங்ஸிலேயே கேட்டான்: "அப்பா, ரெண்டு பேருமே நம்ம ஆளுதானே? அப்ப நாம எந்தப் பக்கம்?"

ஆட்டத்தைப் பார் என்றேன். வேறு என்ன சொல்ல?

ஆறாவது இன்னிங்ஸில் ஜானி டேமன் அடித்த பந்து மெதுவாக எழும்பி லீயிடமே வந்தது. மனிதர் அலட்டிக்கொள்ளவே இல்லை. மாடியிலிருந்து யாரோ போடுகிற சாவிக்கொத்தைக் கீழே நிற்கிறவன் வாங்கிக்கொள்வான் பாருங்கள், அப்படி இடுப்புக்குப் பக்கத்தில் கையுறையை நீட்டினார், பந்து வந்து விழுந்தது. வேர்ல்ட் சீரிஸில்! பையன் விழுந்து விழுந்து சிரித்தான். "லீ எப்பவும் இப்படித்தாம்பா!" என்றான். சொந்தச் சித்தப்பாவைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்றேகால் வருஷத்துக்கு முன்னால் சபாத்தியா போனபோது அவனை உட்கார வைத்து நியாயம் சொன்னவன் நான். சீசன் முடிந்தால் ஃப்ரீ ஏஜென்ட், எந்த அணிக்கும் போகலாம், நம் ஊரால் அந்தச் சம்பளம் கட்ட முடியாது, சும்மா போவதற்கு இப்போதே கொடுத்தால் நாலு சின்னப் பையன்களாவது வருவார்கள் என்று. அவனும் தலையாட்டினான். லீ போன அன்று அந்த நியாயமும் என்னிடம் இல்லை, 2010க்கும் அவரை வைத்துக்கொள்ளும் உரிமை அணியிடம் இருந்தது. அன்றைக்கு அவன் என்னிடம் எதுவும் கேட்கவே இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இந்த மாதிரி உங்களுக்கு ஒன்று இருந்தால் எழுதுங்கள்.

மில்வாக்கி மீனாட்சி

அண்ணா, உங்கள் வீட்டில் இழவு விழுந்த அதே ஜூலையில் எங்கள் வீட்டில் கல்யாணம். வலிக்கும், ஆனால் உண்மையைச் சொல்லித்தானே ஆக வேண்டும். சபாத்தியா இங்கே 17 ஆட்டம் வீசினார், 11 வெற்றி, 2 தோல்வி, அதில் 7 ஆட்டங்களைக் கடைசிப் பந்துவரை அவரே வீசி முடித்தார்.

எனக்கு மறக்காதது 2008 செப்டம்பர் 28. சிகாகோ கப்ஸுடன் சீசனின் கடைசி ஆட்டம். எட்டாவதில் எங்கள் பிரான் ஹோம் ரன் அடித்து 3-1, முழு ஆட்டமும் சபாத்தியா. ஜெயித்தாகிவிட்டது, ஆனால் யாரும் கிளம்பவில்லை. நியூயார்க்கில் மெட்ஸ் தோற்றால்தான் எங்களுக்கு பிளே ஆஃப், அதாவது சீசனுக்குப் பிந்தைய சுற்று. பெரிய திரையில் அந்த ஆட்டத்தைப் போட்டார்கள். எனக்கு முன் வரிசையில் ஒரு பெரியவர், 1982இல் கடைசியாக இந்த அணி பிளே ஆஃப் போனபோது வாங்கிய தொப்பியாம், அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். மெட்ஸ் தோற்றதும் ஊரே எழுந்து குதித்தது. அவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. தொப்பியை முகத்தில் வைத்து அழுதார்.

ஆனால் உறுத்தல் எனக்கும் உண்டு. அந்த சீசனில் வீசிய கடைசி மூன்று ஆட்டங்களிலும் அவர் மூன்றே நாள் ஓய்வில் வீசினார். நாலாவது முறையும் அப்படியே பிளே ஆஃபில் பிலடெல்ஃபியாவில் இறக்கினோம். எதிரணி பிட்சர் மையர்ஸ் மட்டையைப் பிடித்து நின்று ஒன்பது பந்து இழுத்து வாக் (அடிக்காமலே முதல் பேஸ்) வாங்கினார், அப்புறம் விக்டரினோவின் கிராண்ட் ஸ்லாம், ஒரே அடியில் நாலு ரன். வாடகை மாட்டை ஓட்டுகிற மாதிரி அந்தத் தோளை ஓட்டினோம். நம் வீட்டு மாடாக இருந்தால் அப்படிச் செய்திருப்போமா?

ஆரஞ்சு கவுண்டி

ஈரிக்கரை சார், நீங்கள் பையனிடம் சொன்ன நியாயம் சரியான நியாயம். அதற்காக வருத்தப்படவே வேண்டாம். விற்காமல் வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் பார்த்தவன்.

2023 ஜூலை கடைசியில் எங்கள் ஏஞ்சல்ஸ் அணி, பந்தும் வீசி மட்டையும் பிடிக்கிற ஓட்டானியை விற்கப்போவதில்லை என்று முடிவெடுத்தது. கூடவே தன் இளம் வீரர்களைக் கொடுத்து பிட்சர் ஜியோலிட்டோவை வாங்கியது. ஆகஸ்ட் 23, ரெட்ஸுடன் ஒரே நாளில் இரண்டு ஆட்டம். முதல் ஆட்டத்தில் நான் மூன்றாம் பேஸ் பக்கம் உட்கார்ந்திருந்தேன். முதல் இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்தார். இரண்டாவது இன்னிங்ஸில் பாதியில் நடந்து உள்ளே போய்விட்டார். முழங்கைத் தசைநார் கிழிந்திருந்தது. ஏஞ்சல்ஸுக்காக அவர் அதன்பிறகு பந்து வீசவே இல்லை. டிசம்பரில் டாட்ஜர்ஸுக்கு 70 கோடி டாலர் ஒப்பந்தத்தில் போனார். எங்களுக்குக் கிடைத்தது ஒரு டிராஃப்ட் வாய்ப்பு, அதாவது புதிய இளம் வீரர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை.

இப்போது கொஞ்சம் கணக்குச் சொல்கிறேன், புதிதாக வருகிறவர்களுக்கு உதவும். ஒரு வீரர் மேஜர் லீகில் ஆறு வருஷ சேவையை முடித்தால்தான் ஃப்ரீ ஏஜென்ட். முதல் மூன்று வருஷம் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டித்தான். அடுத்த மூன்று வருஷம் ஆர்பிட்ரேஷன் (பேச்சில் முடியாவிட்டால் நடுவர் சம்பளத்தை முடிவு செய்வார்), சம்பளம் ஏறும். ஐந்தாவது வருஷம் தாண்டியும் நீண்டகால ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை என்றால் சிறிய ஊர் அணிக்கு இரண்டே வழி: அந்தக் குளிர்காலத்திலேயே கொடுப்பது, அல்லது அடுத்த ஜூலைக் கடைசிக்குள் கொடுப்பது. வாங்குகிறவருக்கு முழு சீசன் கிடைக்குமென்றால் விலை அதிகம், இரண்டு மாதம் என்றால் குறைவு. இன்றைய விதியில், சீசன் நடுவில் கைமாறிய வீரருக்குக் குவாலிஃபையிங் ஆஃபர் (நிர்ணயித்த சம்பளத்தில் ஒரு வருஷ ஒப்பந்தம், அதை மறுத்து வேறு அணிக்குப் போனால் பழைய அணிக்கு டிராஃப்ட் வாய்ப்பு வரும்) கொடுக்க முடியாது. அதாவது ஜூலையில் வாங்கியவருக்கு, அவர் போகும்போது ஈடாக ஒன்றும் வராது. இது தெரிந்தால் எந்த அணி எப்போது பேரம் பேசும் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

அப்புறம் பிள்ளைகளுக்குச் சட்டை வாங்கும்போது பெயர் இல்லாத சட்டையாக வாங்குங்கள். அணியின் பெயர் மட்டும் போதும். மைனர் லீக் (இளம் வீரர்கள் ஆடும் கீழ்நிலை லீக்) ஆட்டங்களுக்குக் கூட்டிப்போங்கள், உங்கள் அணியின் கீழ்நிலை அணி ஆடுகிற அக்ரான் பக்கம்தானே. ட்ரேடில் (வீரர் பரிமாற்றத்தில்) வருகிற பையன் அங்கே ஆடுவான், பிள்ளை அவனை முதலிலேயே பழகிக்கொள்ளும். போனவரை ஒரு வாரம் டிவியில் பார்க்கவிடாதீர்கள். வந்தவரின் பெயர்களைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் எழுதி ஒட்டுங்கள். நாங்கள் வீட்டில் அப்படித்தான் செய்கிறோம், நன்றாகவே பலன் தருகிறது.

தாம்பா தம்பி

ஓட்டானி வேறு கதை. அவரை விற்றிருந்தாலும் அழுதிருப்பீர்கள், விற்காததாலும் அழுகிறீர்கள்.

நான் டேவிட் பிரைஸ் கதை. 2014 ஜூலை 31 அன்று எங்கள் ரேஸ் அணி இந்தப் பிட்சரை டெட்ராய்ட் டைகர்ஸுக்குக் கொடுத்தது, ஃப்ரீ ஏஜென்சிக்கு இன்னும் ஒரு சீசன் பாக்கி. மூன்றே வாரத்தில், ஆகஸ்ட் 21, டைகர்ஸ் சட்டையில் எங்கள் மைதானமான ட்ராபிகானா ஃபீல்டுக்கே வந்து வீசினார்.

எட்டு இன்னிங்ஸ் முழுக்க வீசி ஒரே ஒரு ஹிட்தான் கொடுத்தார். அது முதல் இன்னிங்ஸில் எங்கள் கையர் அடித்த ட்ரிபிள் (மூன்றாம் பேஸ் வரை ஓடும் அடி). அதற்கு முன் டைகர்ஸ் ஃபீல்டிங்கில் ஒரு தவறு, அதனால் பேஸில் நின்ற எங்கள் ஆள் ஓடி வந்தார், 1-0. அவ்வளவுதான் ஆட்டம். நாங்கள் ஜெயித்தோம். நான் கை தட்ட எழுந்தேன், கை பாதியில் நின்றுவிட்டது. அவர் மைதானத்தை விட்டுப் போகும்போது என் பக்கத்து சீட்டு அம்மா எங்கள் அணியின் சட்டையில் அவருக்காகக் கை தட்டிக்கொண்டிருந்தார், அணி ஜெயித்ததற்கு அல்ல. நான் எதற்குத் தட்டினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அந்த ட்ரேடில் வந்த வில்லி அடாமஸ் பின்னால் நல்ல ஷார்ட்ஸ்டாப் ஆனார். அவரையும் 2021இல் மில்வாக்கிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

மொன்றியல்வாசி

ஆரஞ்சு கவுண்டி ஐயா, உங்கள் கணக்கு பிழையில்லை. ஆனால் கணக்குச் சரியாக வருகிற ஊரில் இருந்துகொண்டு எழுதுகிறீர்கள். வந்தவனின் பெயரைக் கதவில் ஒட்டச் சொல்கிறீர்கள். எங்களுக்கு ஒட்டக் கதவே மிஞ்சவில்லை.

80களின் கடைசியில் ஊரைவிட்டு வந்த ஆள் நான். 97இல் ஒரு உணவகத்தில் இரவு வேலை, கோப்பை கழுவுகிறது. என்னோடு நின்று கழுவினவன் டொமினிக்கன் பெடியன். எனக்குப் பாதி பிரெஞ்சு, அவனுக்கும் பாதி பிரெஞ்சு. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது பெத்ரோ மார்ட்டினேஸ். அவனுடைய நாட்டு ஆள், எங்கள் மொன்றியல் எக்ஸ்போஸ் அணியின் பிட்சர். அந்த வருசம் 305 ஸ்ட்ரைக் அவுட், இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுத்த சராசரி ரன்) 1.90, சை யங் விருது. மலிவு டிக்கெட் எடுத்துக்கொண்டு மெட்ரோவில் மைதானம் இருக்கிற பீ-நஃப் நிலையம் வரை போவோம். மேலே போய் இருந்தால் பெத்ரோ கட்டைவிரல் அளவுதான் தெரிவார். ஆனாலும் கை சுழலுகிற விதத்தில் இது என்ன பந்து என்று அவன் முன்கூட்டியே சொல்வான்.

நவம்பரில் ஒருநாள் சமையலறை வானொலியில் பிரெஞ்சில் ஏதோ சொன்னது. எனக்குப் பிடிபடவில்லை. அவன் குழாயைப் பூட்டினான். கை நிறையச் சவர்க்கார நுரை, ஒரு கோப்பையைப் பிடித்தபடி நிற்கிறான். "பெத்ரோ. போஸ்டன்." வேறொன்றும் சொல்லவில்லை. ஆறு, ஏழு நிமிடம் இருக்கும், இரண்டு பேரும் கழுவவில்லை. முதலாளி வந்து ஏசினார், அப்புறம்தான் குழாயைத் திறந்தோம்.

பெத்ரோவுக்கு ஈடாக வந்தது பவானோவும் அர்மாஸும். 2004 செப்டம்பர் 29 அன்று எக்ஸ்போஸ் மொன்றியலில் கடைசி ஆட்டம் ஆடியது. அதன்பிறகு அணி வாஷிங்டனுக்குப் போய்விட்டது. அந்தக் கடைசி ஆட்டத்துக்கு அடுத்த மாதம் பெத்ரோவின் போஸ்டன் வேர்ல்ட் சீரிஸ் வென்றது. அந்த ஆரவாரத்துக்குள் நின்றுகொண்டு பெத்ரோ, இனி அணியே இல்லாமல் நிற்கப்போகிற மொன்றியல் சனத்தோடும் இதைப் பகிர்ந்துகொள்கிறேன் என்று சொன்னார். நான் தனியாக இருந்து பார்த்தேன். அந்தப் பெடியன் அதற்கு முன்னமே ஊர் மாறிப் போய்விட்டான், தொலைபேசி இலக்கமும் கைவிட்டுப் போய்விட்டது. அவன் அன்றைக்குப் பார்த்தானா என்று ஒருமுறை கேட்க வேண்டும்போல் இருக்கும்.

ஆரஞ்சு கவுண்டி

மொன்றியல்வாசி, மன்னியுங்கள். அந்த ஊரை நான் நினைத்துப் பார்க்கவில்லை. ஆனால் எல்லா ட்ரேடும் அப்படி முடிவதில்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். 1998இல் சியாட்டில் தன் பெரிய பிட்சர் ரேண்டி ஜான்சனை ஹூஸ்டனுக்குக் கொடுத்தது. வந்த மூவர் கார்சியா, கியேன், ஹலாமா. 2001இல் 116 ஆட்டம் ஜெயித்த அணியில் மூன்று பேருமே இருந்தார்கள்.

மில்வாக்கி மீனாட்சி

116 ஜெயித்த அந்த அணி வேர்ல்ட் சீரிஸ் போகவில்லை. அதே 2001இல் வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்தது அரிஸோனாவில் ரேண்டி ஜான்சன். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் சார்.

பால்டிமோர்

மீனாட்சி அக்கா, உங்கள் ஊர் அனுப்பிய பிட்சர் கார்பின் பர்ன்ஸ் எங்களிடம்தான் வந்தார். 2024 பிப்ரவரியில், ஃப்ரீ ஏஜென்சிக்கு ஒரே ஒரு சீசன் பாக்கி இருந்தபோது. ஓர்டீஸையும் ஹாலையும் ஒரு டிராஃப்ட் வாய்ப்பையும் நாங்கள் கொடுத்தோம்.

அக்டோபர் 1, ராயல்ஸுடன் பிளே ஆஃபின் முதல் சுற்றான வைல்ட் கார்டில் முதல் ஆட்டம். எட்டு இன்னிங்ஸைத் தாண்டியும் வீசினார், கொடுத்தது ஒரே ஒரு ரன். எங்கள் அணி ஒரு ரன்கூட எடுக்கவில்லை. ஒன்பதாவதில் அவரை வெளியே எடுத்தபோது எங்கள் வரிசை முழுக்க எழுந்து நின்றது. என் கணவர் என் காதில், "இதான் கடைசி" என்றார். ஆட்டத்தைச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாளும் தோற்று சீசன் முடிந்தது. டிசம்பரில் பர்ன்ஸ் அரிஸோனாவுக்குப் போகிற செய்தி வந்தபோதுதான் என் கணவர் என்ன சொன்னார் என்பது புரிந்தது. எட்டு மாதம் பழகிய ஆளுக்கு நான் அவ்வளவு அழுதேன்.

ஈரிக்கரை

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். மொன்றியல்வாசி, அந்த நுரைக் கையை நான் மறக்கமாட்டேன்.

ஆரஞ்சு கவுண்டி சார், அக்ரானுக்குப் போகாமல் இல்லை. சபாத்தியாவுக்கு ஈடாக, பெயரைப் பிறகு சொல்கிறோம் என்று விட்டுக் கடைசியாக வந்த மைக்கேல் பிரான்ட்லிதான் 2014இல் எம்.வி.பி. (மிகச் சிறந்த ஆட்டக்காரர்) வாக்கெடுப்பில் மூன்றாவது வந்தார். லீக்கு ஈடாக வந்த கரஸ்கோ பன்னிரண்டு சீசன் எங்களுக்காக வீசினார், ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டு வந்தும் வீசினார். அவர்களும் எங்கள் வீட்டு ஆட்கள்தான். பையன் ஆராதனைக் கச்சேரிக்குப் போகும்போதுகூடக் காரில் ரேடியோவைப் போடச் சொல்லி பிரான்ட்லி என்ன அடித்தார் என்று கேட்பான். பெயர் இல்லாத சட்டையை மட்டும் என்னால் அவனுக்கு வாங்கித் தந்திருக்க முடியாது.

பையன் இப்போது சிகாகோவில் வேலையில் இருக்கிறான். 2025 ஜூலைக் கடைசியில் எங்கள் பிட்சர் ஷேன் பீபரை டொரோண்டோவுக்குக் கொடுத்த அன்று மதியம் மெசேஜ் போட்டான்: "பீபரும் போயாச்சு. யார் வர்றாங்க?" நியாயம் எதுவும் எழுதவில்லை. வருகிற பையனின் பெயரை மட்டும் அனுப்பினேன்.

அந்த வருஷ வேர்ல்ட் சீரிஸ் ஏழாவது ஆட்டத்தில் பதினோராவது இன்னிங்ஸில் டொரோண்டோவுக்காக பீபர்தான் வீசினார். போனை ஸ்பீக்கரில் போட்டு இரண்டு பேரும் இரண்டு ஊரில் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு அவுட் ஆன பிறகு டாட்ஜர்ஸின் வில் ஸ்மித் இடப்பக்கம் தூக்கி அடித்தார். பந்து வேலியைத் தாண்டுவதற்குள் போனில் அவன் குரல் கேட்டது: "ஐயோ, நம்ம ஆளு."