அம்மா ஆறு மாதம் வீட்டைப் பூட்டிவிட்டு வருகிறார்: நகை, பத்திரம், பட்டுப்புடவையை எங்கே வைப்பது?

கேள்வி: முத்துநகர்ப் பெண்

எல்லோருக்கும் வணக்கம். நான் கோவையில் இருக்கிறேன். அம்மா தூத்துக்குடியில், அப்பா கட்டிய வீட்டில் தனியாக இருக்கிறார். தை மாதம் எனக்குப் பிரசவம். டாக்டர் பயணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் அம்மாதான் இங்கே வருகிறார். ஆறு மாதம் வீடு பூட்டியே இருக்கும்.

2023 டிசம்பர் 17, 18 மழையை எங்கள் பக்கத்துக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மழைதான். எங்கள் வீட்டுக்குள் முழங்கால் வரை தண்ணீர். அம்மா மொட்டை மாடியில் இருந்தார். பீரோவின் கீழ்த்தட்டு முழுக்க முங்கிவிட்டது. வீட்டுப் பத்திரம் மஞ்சப்பைக்குள் இருந்தது. ஊறி உப்பிப் போனதை அம்மா வெயிலில் காயவைத்ததில், தாள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. அம்மாவின் முகூர்த்தப் பட்டும் அங்கேதான் இருந்தது. அரக்கு நிற உடம்பின் சாயம் இறங்கி, மஞ்சள் கரையில் திட்டுத் திட்டாக நிற்கிறது. ஆச்சி கொடுத்த கெம்பு அட்டிகை, சிவப்பு வெல்வெட் பெட்டியோடு இரண்டு நாள் சேற்றுத் தண்ணீரில் கிடந்தது. பொன்னுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நடுப்பதக்கத்தில் மூன்று கற்கள் உயிர் போனது மாதிரி மங்கிவிட்டன. அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவே இல்லை.

மொத்தம் 32 பவுன் இருக்கிறது. லாக்கர் என்றாலே அம்மா, "என் பொருள் என் கண்ணு முன்னாடி இருக்கணும்" என்கிறார். இப்போது எல்லாம் அரிசி டிரம்முக்குள் இருக்கிறது. போன மாதம் இரண்டு தெரு தள்ளி, கல்யாணத்துக்குப் போனவர்கள் வீட்டில் பின்கதவை உடைத்துவிட்டார்கள். எனக்குத் தூக்கமே இல்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில்: நெல்லைக்காரன்

சகோதரி, முதலில் அந்த அரிசி டிரம்மைக் காலி பண்ணச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் திருட்டு நடந்தபோது ஹாலில் நடக்க முடியாதபடி அரிசியும் உளுந்தும் கொட்டிக் கிடந்தன. அப்புறம் சாமி அறையிலும் மெத்தைக்கு அடியிலும் தேடியிருக்கிறார்கள். நாம் எங்கே ஒளித்து வைப்போம் என்று திருடர்களுக்கு நன்றாகத் தெரிகிறது. பீரோவை அவர்கள் உடைக்கக்கூட இல்லை. சாவி பீரோ மேலேயே, பழைய காலண்டருக்குக் கீழே இருந்தது.

கிளம்பும் முன் உள்ளூர் காவல் நிலையத்தில் வீடு பூட்டியிருக்கும் தேதிகளை எழுதிக் கொடுங்கள். ரோந்து வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். முன் கேட்டில் பெரிய பூட்டைத் தொங்கவிட வேண்டாம், உள்பக்கமாகப் பூட்டுங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் தினமும் வாசல் தெளித்து ஒரு கோலம் போடச் சொல்லுங்கள். காய்ந்து கிடக்கிற வாசல்தான் ஊருக்கெல்லாம் சேதி சொல்லிவிடும்.

இன்னொன்று, ஒவ்வொரு நகையையும் தனித்தனியாகப் போட்டோ எடுத்து, எடையும் எழுதி வையுங்கள். எங்கள் நகை ஆறு மாதம் கழித்துப் பிடிபட்டது. "இதுதான் எங்கள் செயின்" என்று காட்ட, என் தங்கையின் வளைகாப்புப் போட்டோவைத்தான் தேடி எடுத்தோம். புது நகை என்றால் ஹால்மார்க்கோடு ஆறு எழுத்து எண் பொறித்திருக்கும், அதையும் குறித்துக்கொள்ளலாம். பழைய நகையில் அது இருக்காது. அதற்குப் போட்டோவும் எடையும்தான் சாட்சி.

பதில்: ஓய்வுபெற்ற வங்கிக்காரர்

31 வருடம் வங்கியில் இருந்தேன், அதில் 9 வருடம் லாக்கர் பொறுப்பு. உங்கள் அம்மாவைப் போல எத்தனையோ பேரை லாக்கர் அறைக்குள் அழைத்துப் போயிருக்கிறேன். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். லாக்கரைத் திறக்க இரண்டு சாவி வேண்டும். எங்கள் சாவியை முதலில் போட்டுவிட்டு நாங்கள் விலகிவிடுவோம். அம்மாவின் சாவி இல்லாமல் கதவு திறக்காது. உள்ளே என்ன இருக்கிறது என்று வங்கிக்குத் தெரியவும் தெரியாது.

அதனால்தான் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு வைக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் திருத்திய விதிகள் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. தீ, திருட்டு, கட்டடம் இடிவது, ஊழியர் மோசடி ஆகியவற்றில் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரைதான். வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். 32 பவுன் என்பது 256 கிராம், கணக்குப் போட்டுப் பாருங்கள். வெள்ளம், நிலநடுக்கம், இடி போன்ற இயற்கைச் சேதத்துக்கு அந்தப் பொறுப்பும் கிடையாது. ஆகவே தூத்துக்குடியில் எடுப்பதானால் மாடியில் லாக்கர் அறை இருக்கிற கிளையாகப் பாருங்கள். கிடைக்காவிட்டால் மேல்வரிசை லாக்கராகக் கேளுங்கள். எக்கி எடுக்க வேண்டாம் என்று கீழ்வரிசையைக் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு, உங்களுக்கு அது வேண்டாம். நகையை இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். நகைக்குத் தனியாகக் காப்பீடும் எடுங்கள். லாக்கரில் இருக்கும்போதும் அது செல்லுமா என்று எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

லாக்கரை உங்கள் பெயரையும் சேர்த்து, இருவரில் யார் வேண்டுமானாலும் திறக்கும்படி எடுங்கள், நாமினியும் போடுங்கள். நாமினி இல்லாமல் வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்த பிள்ளைகளைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். ஒவ்வொரு முறை திறந்ததும் அன்றைக்கே உங்கள் போனுக்குக் குறுஞ்செய்தி வர வேண்டும். போன் நம்பர் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சாவியில் லாக்கர் எண்ணை எழுதி ஒட்டாதீர்கள். பணத்தை உள்ளே வைக்கக் கூடாது.

பதில்: காஞ்சி நெசவு வீடு

தங்கச்சி, புடவையைப் படித்ததும் மனசு தாங்கவில்லை. எங்கள் வீட்டில் நான்கு தலைமுறையாகத் தறி ஓடுகிறது. இறங்கிய சாயத்தை வீட்டில் எதுவும் போட்டு எடுக்கப் பார்க்காதீர்கள், திட்டு இன்னும் பரவும். பட்டுக்கென்றே வேலை செய்கிற இடத்தில் காட்டுங்கள். முழுதும் போகும் என்று நான் சொல்லமாட்டேன்.

இனி வைப்பதற்கு: பாலித்தீன் கவரும் வேண்டாம், இரும்பு ஹேங்கரும் வேண்டாம். நன்றாகத் துவைத்த, கஞ்சி போடாத பழைய வெள்ளை வேட்டியில் சுற்றுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, நிழலில் ஒரு மணி நேரம் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் கிடந்தால் ஜரிகை அந்தக் கோட்டிலேயே அறுந்துவிடும். பூச்சி உருண்டை ஜரிகையில் படக் கூடாது. வசம்பைத் துணியில் முடிந்து ஓரமாகப் போடுங்கள், போதும். ஆறு மாதம் பூட்டிய வீட்டில் விட வேண்டாம், அம்மாவோடு கோவைக்கு வரட்டும்.

பதில்: பத்திர எழுத்தர்

ஒட்டிய தாள்களை இழுத்துப் பிரிக்காதீர்கள் அம்மா. லேமினேஷன் செய்யவும் வேண்டாம். பத்திரத்தின் எண்ணும் வருடமும் தெரிந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். எண் படிக்க முடியாவிட்டால் வில்லங்கச் சான்றில் இருக்கும், அதை இணையத்திலேயே பார்க்கலாம். நகல் வாங்கி வேறு இடத்தில் வையுங்கள், மூலத்தையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இனி நனைந்தால் வெயில் வேண்டாம். தாளுக்கு இடையில் வெள்ளைத்தாள் வைத்து மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள்.

மீண்டும்: முத்துநகர்ப் பெண்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

வங்கி ஐயா எழுதியதை அம்மாவுக்குப் போனில் அப்படியே படித்துக் காட்டினேன். "என் சாவி இல்லாம திறக்காதா?" என்று இரண்டு முறை கேட்டார். போன சனிக்கிழமை என் கணவர் ஊருக்குப் போய் அம்மாவை வங்கிக்கு அழைத்துப்போனார். மாடியில் லாக்கர் உள்ள கிளை கிடைத்தது. என் பெயரையும் சேர்த்திருக்கிறோம், என் கையெழுத்து மட்டும் பாக்கி. நகைகளைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, சமையல் தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் போட்டோ எடுத்தார்கள். எந்த வளையல் யார் போட்டது, எந்தத் தோடு எந்தத் தீபாவளிக்கு என்று அம்மா சொல்லச் சொல்ல அவர் எழுதியிருக்கிறார். ஐந்து பக்கம் வந்திருக்கிறது. அதில் பாதி எனக்கே தெரியாதவை.

பத்திரத்துக்குச் சான்றிட்ட நகல் கேட்டு எழுதிக் கொடுத்தாயிற்று. அட்டிகையை மட்டும் லாக்கரில் வைக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. எங்கள் ஊர்ப் பொற்கொல்லர் பார்த்துவிட்டு, கல்லுக்குப் பின்னால் இருக்கிற தகட்டில் தண்ணீர் இறங்கியிருக்கிறது, கல்லைக் கழற்றித் தகடு மாற்றினால் பளபளப்பு வரும் என்றாராம். ஆனால் உள்ளே பழைய அரக்கு இருப்பதால் சூடு காட்டாமல் செய்ய வேண்டுமாம். கோவையில் பழைய கெம்பு வேலை தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அம்மா அதைப் பஞ்சில் சுற்றி, பட்டுப்புடவைக்கு நடுவில் வைத்து எடுத்துவருகிறார். வெள்ளிக்கிழமை ரயில்.