இந்த ஞாயிறு மாத்திரையைப் போடலாமா, விடலாமா?

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு ஒன்பது வருடமாக முடக்குவாதம். ஞாயிறு இரவு மட்டும் மெத்தோட்ரெக்சேட் 15 மில்லிகிராம், தினமும் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு 5 மில்லிகிராம். வியாழனிலிருந்து வைரஸ் காய்ச்சல், 102 வரை ஏறுகிறது. நாங்கள் ஏற்காட்டில். மூட்டு டாக்டர் சேலத்தில். திங்கள்வரை ஊரில் இல்லை. இங்கே பார்த்தவர் டெங்கு சோதனைக்கு ரத்தம் எடுத்திருக்கிறார். முடிவு வரும்வரை பாராசிட்டமால் மட்டும்தான், டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையைத் தொடவே கூடாது என்றார். மூட்டு மாத்திரைக்கு, "உங்க டாக்டரையே கேட்டுக்குங்க" என்றுவிட்டார்.

மெத்தோட்ரெக்சேட் எதிர்ப்பு சக்தியை அடக்கும், காய்ச்சலில் தள்ளிப்போடச் சொல்வார்கள் என்று தெரியும். ஸ்டீராய்டைச் சட்டென நிறுத்தக் கூடாது என்பதும் தெரியும். ஆனால் போன மழைக்காலத்தில் இரண்டு வாரம் விட்டதற்கே அம்மா காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தார். அந்தப் பயத்தில் மாத்திரை அட்டையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்!

இப்படி நிறுத்தியவர்கள் மறுபடி எப்போது ஆரம்பித்தீர்கள்? காய்ச்சல் விட்டதுமா, ரத்தப் பரிசோதனை பார்த்த பிறகா? அப்புறம், ஞாயிறன்று போனிலாவது பேசும் மூட்டு டாக்டர் சேலத்தில் யாராவது உண்டா? இந்த உடம்போடு இருபது கொண்டை ஊசி வளைவிலும் அம்மாவை இறக்க மனம் வரவில்லை.