புதுப்பிப்பு: மூட்டுவலி உள்ள அம்மாவுடன் கொடுமுடி போய் வந்த விவரம்

அம்மாவை அதிகம் நடக்க வைக்காமல் கோவையிலிருந்து கொடுமுடி கோயிலுக்கு எப்படிக் கூட்டிப் போவது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க.

கைகொடுத்தது, ஈரோட்டில் இறங்கி கரூர் போகும் பாசஞ்சர் ரயிலைப் பிடிக்கச் சொன்ன அக்காவின் யோசனைதான். பஸ்ஸிலும் போகலாம், ஆனால் மூட்டுவலிக்காரர்கள் எழுந்து நின்று காலை நீட்டி மடக்க ரயில்தான் வசதி. கொடுமுடி ஸ்டேஷனிலிருந்து கோயில் பக்கம்தான் என்றாலும் அம்மாவுக்காக ஆட்டோ வைத்தோம்.

மகுடேஸ்வரர், வீரநாராயணப் பெருமாள் இரண்டு சந்நிதியும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. சுந்தரர் நமச்சிவாயப் பதிகம் பாடிய தலம் இது. அம்மா அதை முழுதாகப் பாடி முடித்த பிறகுதான் நகர்ந்தார். வன்னி மரத்தடியில் இருக்கும் மூன்று முகப் பிரம்மாவையும் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

எதிர்பார்க்காதது அமாவாசைக் கூட்டம். காவிரிப் படித்துறையில் திதி கொடுப்பவர்கள், பரிகாரத்துக்கு வந்தவர்கள் என்று ஒரே நெரிசல். பெரியவர்களோடு போகிறவர்கள் அமாவாசை, ஆடி பதினெட்டு இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். அப்புறம், மதியம் நடை சாத்திவிடுவார்கள். காலையிலேயே போய்ச் சேருகிற ரயிலாகப் பாருங்கள்.