38 டார்பிடோவும் ஒரு பழைய நோட்டும்

தொடர்களின் கதையில் ஓட்டை கண்டுபிடித்த அனுபவத்தை எல்லோரும் எழுதுகிறீர்கள். என் பங்குக்கு இது.

'ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்' தொடரை நானும் தம்பியும் முதலிலிருந்து வரிசையாகப் பார்க்க உட்கார்ந்தோம். கதை தெரியாதவர்களுக்கு: ஒரு விண்கப்பல் வீட்டைவிட்டு 70,000 ஒளியாண்டு தள்ளிப்போய் மாட்டிக்கொள்கிறது. முழு வேகத்தில் ஓட்டினாலும் திரும்ப 75 ஆண்டு ஆகும். முதல் சீசனிலேயே ஒரு காட்சியில், கைவசம் 38 ஃபோட்டான் டார்பிடோ (எதிரிமேல் ஏவி வெடிக்கவைக்கும் ஆயுதம்) இருக்கிறது என்கிறார் துணை கேப்டன். தீர்ந்துவிட்டால் வேறு கிடைக்க வழியில்லை என்கிறார் கேப்டன் ஜேன்வே. தம்பி அங்கேயே படத்தை நிறுத்திவிட்டுப் போய் ஒரு பழைய நோட்டை எடுத்துவந்தான்.

ஒரு டார்பிடோவுக்கு ஒரு கோடு. நான்கு கோடு விழுந்ததும் ஐந்தாவதைக் குறுக்கே போட்டுக் கட்டு. கேட்க எளிதாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு வாரமும் சண்டைதான். வெடிப்பது தெரிகிறது, கிளம்பியது தெரியவில்லை. அது ஒன்றா இரண்டா? பெரிய சண்டை 1997-இல் வந்த 'இயர் ஆஃப் ஹெல்' இரண்டு பாகத்துக்கு. கப்பல் ஒரு வருடம் அடிவாங்கிச் சின்னாபின்னமாகும், கடைசியில் காலமே திரும்பிப்போய் எதுவும் நடக்காததாகிவிடும். அப்படியானால் அதில் வீசிய டார்பிடோ எல்லாம் கப்பலிலேயே பத்திரமாக இருக்கிறது, கோட்டை அழி என்றான் தம்பி. நியாயம்தான். அழித்தேன்.

அழித்துமே 39-ஆவது கோடு விழுந்தது. நோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருவரும் திரையையே பார்த்தோம். அங்கே யாரும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரம் இன்னும் இரண்டு.

இதே தொடரில் சின்ன ஷட்டில் கலங்கள் அழிந்துபோனபடியே இருக்கும். அதை மன்னித்துவிட்டேன், ஐந்தாவது சீசனில் 'டெல்டா ஃப்ளையர்' என்று புதிய கலத்தை அவர்களே உட்கார்ந்து கட்டுவதைக் காட்டினார்கள். டார்பிடோவுக்கும் "நாமே செய்யக் கற்றுக்கொண்டோம்" என்று போகிறபோக்கில் ஒரு வசனம் வைத்திருந்தால் முடிந்திருக்கும். கணக்கை ஆரம்பித்தது நாங்களா? அவர்கள்தானே!

* * *

மேலே எழுதியவருக்கு: உங்கள் கோபம் ரோனால்ட் மூருக்கும் இருந்தது. இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடரான 'டீப் ஸ்பேஸ் நைன்' எழுதியவர், வாயேஜருக்கு வந்து கொஞ்ச நாளிலேயே விலகிவிட்டார். அவர் பிறகு புதிதாக உருவாக்கிய 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா'வைப் பாருங்கள். பேரழிவிலிருந்து தப்பிப் பிழைத்த மனிதர்கள் எத்தனை பேர் என்ற எண் ஒவ்வொரு வாரமும் தொடக்கத்திலேயே திரையில் வரும். ஜனாதிபதியின் அறையில் ஒரு வெள்ளைப் பலகை, அதிலும் அதே எண். '33' என்ற எபிசோடு முழுக்க அது குறைந்துகொண்டே போகும். கடைசியில் கூட்டத்தில் ஒரு குழந்தை பிறந்ததாகச் செய்தி வர, ஜனாதிபதி அம்மா பலகையில் ஒன்றைக் கூட்டி எழுதுவார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, ஒரு எண்ணுக்காக.

* * *

எனக்கு ஓட்டையைவிட அதை அடைக்கிற வேலைதான் எரிச்சல். 1960-களின் ஸ்டார் ட்ரெக்கில் கிளிங்கன்கள் என்ற வேற்றுக்கிரக இனத்துக்கு நம்மைப் போலவே வழவழ நெற்றி. 1979 திரைப்படத்தில் திடீரென்று மேடும் பள்ளமுமாக எலும்பு. மேக்கப்புக்குக் காசு வந்துவிட்டது, அவ்வளவுதான், யாருக்கும் புரியும். 1996-இல் 'டீப் ஸ்பேஸ் நைன்' குழு பழைய காலத்துக்குப் போய் அந்த வழவழ நெற்றிக்காரர்களை நேரிலேயே பார்க்கும். எல்லோரும் திரும்பி, தங்கள் குழுவிலேயே இருக்கும் மேட்டு நெற்றிக் கிளிங்கன் வோர்ஃபைப் பார்ப்பார்கள். மரபணு மாற்றமா என்பார் ஒருவர், வைரஸா என்பார் இன்னொருவர். "வெளியாட்களிடம் நாங்கள் இதைப் பேசுவதில்லை" என்பார் வோர்ஃப். விழுந்து விழுந்து சிரித்தேன். அதோடு விட்டிருக்கலாம். 2005-இல் 'என்டர்பிரைஸ்' என்ற ஸ்டார் ட்ரெக் தொடர் இரண்டு எபிசோடு செலவழித்து, மரபணுவும்தான் வைரஸும்தான் என்று விளக்கியது. நல்ல ஜோக்குக்குப் பொழிப்புரை!

* * *

1982 ஸ்டார் ட்ரெக் படத்தில் வில்லன் கான், கப்பல் குழுவைச் சேர்ந்த செகாவைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்வான். ஆனால் 1960-களின் தொடரில் கான் வந்த எபிசோடு முதல் சீசன். செகாவ் தொடருக்குள் வந்ததே இரண்டாவதில். நான் இதைக் கண்டுபிடித்து அண்ணனிடம் ஓடிச் சொன்னபோது, "கப்பலில் நானூறு பேர் இருக்கிறார்கள், கேமரா அவர் பக்கம் திரும்பவில்லை, அவ்வளவுதானே" என்று கேட்டுவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். இன்றுவரை பதில் இல்லை.

* * *

முதலில் எழுதியவன்தான் மறுபடி. கலாக்டிகா பலகை விஷயத்தைத் தம்பியிடம் சொன்னேன். "நோட்டில் இன்னும் எத்தனை பக்கம் இருக்கிறது?" என்கிறான்.