3000 டன் வரம்பைத் தாண்டிய நூற்பாலை: பேட் திட்டத்தில் என்ன கடமை?

மில்_எலக்ட்ரிக்கல்:
எங்க நூற்பாலை போன நிதியாண்டில் எடுத்த மின்சாரம் 3.8 கோடி யூனிட். ஜென்செட் ஓட்டம் குறைவு. மத்திய அரசின் பேட் திட்டத்தில் (PAT: பெரிய ஆலைகளுக்கு எரிசக்திக் குறைப்பு இலக்கு வைக்கும் திட்டம்) ஜவுளிக்கு ஆண்டுக்கு 3000 டன் எண்ணெய்ச் சமன் வரம்பு என்கிறார்கள். நாங்க அதற்குள் வருகிறோமா? வந்தால் முதலில் என்ன செய்யணும்? 40ஸ் கவுண்ட் நூல் குறைந்து, அதைவிட மெல்லிய 60ஸ் கூடியதால் கிலோவுக்கு யூனிட் ஏறியிருக்கு. அதுவும் எங்க கணக்கில் பாதகமாக விழுமா?

தணிக்கை_மேசை:
வருகிறீர்கள் சார். ஒரு யூனிட் 860 கிலோ கலோரி, ஒரு டன் எண்ணெய்ச் சமன் 1 கோடி கிலோ கலோரி. 3.8 கோடி யூனிட் என்றால் சுமார் 3268 டன். 3.49 கோடி யூனிட்டிலேயே வரம்பைத் தொட்டாச்சு. டீசலை இன்னும் சேர்க்கவே இல்லை.

இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பாருங்க. எரிசக்திப் பாதுகாப்புச் சட்டம் 2001-ன்படி வரம்பைத் தாண்டியதுமே சில கடமைகள் வந்துவிடும்: தேர்வில் தேறிய எனர்ஜி மேனேஜர், நிதியாண்டு முடிந்து 3 மாதத்துக்குள் படிவம் 1 (ஆண்டு எரிசக்திப் பயன்பாட்டு அறிக்கை), அங்கீகாரம் பெற்ற தணிக்கையாளர் வைத்து 3 ஆண்டுக்கு ஒரு ஆடிட். குறைப்பு இலக்கு தனி. அது உங்க ஆலையின் பெயரோடு அரசிதழில் வந்தால்தான் கட்டுப்படுத்தும்.

கவுண்ட் மாறியதற்குத் தண்டனை இல்லை, ஆனால் அதை நிரூபிக்கக் கையில் தாள் வேணும். ஒவ்வொரு கவுண்ட் உற்பத்தியையும் சிட்ரா (கோவை ஜவுளி ஆராய்ச்சி நிறுவனம்) மாற்றுக் காரணிகள் மாதிரியான அட்டவணையால் 40ஸ் சமானமாக்கி, அதன் மேல்தான் யூகேஜி (ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட்) பார்ப்பார்கள். கவுண்ட் வாரியாக மாத உற்பத்தி, முறுக்கு, ஸ்பிண்டில் வேகம், கோம்ப்டு (கூடுதலாகச் சீவிய நூல்)–கார்டட் (சாதா நூல்) பங்கு இவ்வளவும் அடிப்படை ஆண்டிலிருந்தே (இலக்கை ஒப்பிட எடுக்கும் ஆண்டு) பதிவாகியிருக்கணும். பெரும்பாலான ஆலைகள் இடறுவது இங்கேதான்: மொத்தக் கிலோ மட்டும் இருக்கும், பிரிவு வாரி மீட்டர் இருக்காது. அப்புறம் சரிபார்க்க வருபவரிடம் வாதாடவே வழியில்லை.

கம்ப்ரசர்_ரூம்:
சேமிப்புக்கு முதலில் காற்றுக் கசிவைப் பாருங்க, காசே ஆகாது. வார விடுமுறையில் ஆட்டோகோனர் (நூல் சுற்றும் மெஷின்) எல்லாம் நின்றிருக்கும்போது ஒரே ஒரு கம்ப்ரசரை ஓட்டி, காற்றை அழுத்தும் லோடு நேரம், சும்மா சுழலும் அன்லோடு நேரம் இரண்டையும் ஸ்டாப்வாட்சில் எடுங்க. 500 சிஎஃப்எம் (நிமிடத்துக்குக் கன அடி காற்று) மெஷின் 3 நிமிடம் லோடு, 7 நிமிடம் அன்லோடு என்றால் கசிவு 500 × 3/10 = 150 சிஎஃப்எம். சிஎஃப்எம்முக்கு 0.17 கிலோவாட் வைத்தாலே 25 கிலோவாட்டுக்கு மேல். 8000 மணி நேரத்துக்கு 2 லட்சம் யூனிட், அதாவது ஏறக்குறைய 17 டன் எண்ணெய்ச் சமன். ஒரு முறையில் நம்பாமல் நாலைந்து சுற்று எடுத்துச் சராசரி போடுங்க. டிரெயின் வால்வைத் திறந்தே விட்டுவிட்டு அளந்தால் எண் பொய் சொல்லும்.

அடுத்து ஹெச்-பிளான்ட் (ஆலைக்குள் ஈரப்பதம் காக்கும் அமைப்பு) விசிறி. டேம்பரை (காற்றைத் தடுக்கும் தகடு) மூடி ஓட்டுவதற்குப் பதில் விஎஃப்டியில் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) வேகத்தை 20 சதம் குறைத்தால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகும். ஆனால் ஈரப்பதம் விழுந்தால் இழை அறுந்து உற்பத்தியே போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஈரப்பத அளவைப் பார்த்துக்கொண்டே இறங்குங்க.

கொள்கை_வாசகன்:
இலக்குக்கு மேல் சேமித்தால் கிடைக்கும் சான்றிதழை விற்றுப் பணம் பார்க்கலாம் என்று மட்டும் முதலாளியிடம் சொல்லிவிடாதீங்க. முதல் சுற்றில் (2012–15) இலக்கு 66.86 லட்சம் டன், சேமித்தது 86.7 லட்சம் டன். விற்க 38.24 லட்சம் சான்றிதழ் இருந்தது, இலக்கை எட்டாதவர்கள் வாங்கியாக வேண்டியது 14.25 லட்சம்தான். விலை எப்படி நிற்கும்? பின்னால் ₹1,840 தரைவிலை வைத்தார்கள், அது ஒரு டன் எண்ணெய்ச் சமனுக்கு அப்போது அறிவிக்கப்பட்ட விலையான ₹18,402-ல் 10 சதம். இலக்கைத் தளர்வாக வைத்துவிட்டுத் தரைவிலையால் முட்டுக்கொடுப்பது சரியான கொள்கை இல்லை. இலக்கை இறுக்கினால் விலை தானாக நிற்கும்.

2023-ல் அறிவித்த கார்பன் வரவு வர்த்தகத் திட்டத்துக்கு மாறும் 9 துறைகளில் ஜவுளியும் உண்டு. அங்கே அளவுகோல் கரியமில வாயு டன். அதனால் எரிபொருள் வாரியான பதிவையும் இப்போதே தொடங்குங்க.

மில்_எலக்ட்ரிக்கல்:
நன்றி சார். ஜென்செட்டை முழுசா நிறுத்தினால் கணக்கில் குறையுமா?

தணிக்கை_மேசை:
மேலோட்டமாகக் குறையும். லிட்டருக்கு 3.5 யூனிட் தரும் ஜென்செட்டில் ஒரு யூனிட் ஏறக்குறைய 2500 கிலோ கலோரி. மின்வாரிய யூனிட் 860தான். ஆனால் சரிபார்ப்பில் சொந்த உற்பத்தி–வெளி மின்சாரப் பங்கை அடிப்படை ஆண்டுக்கே திருப்பி வைத்துக் கணக்கிடுவார்கள், அந்தக் குறைவு அப்படியே கழிந்துவிடும். டீசல் செலவு மிச்சம், அதற்காக நிறுத்துங்க. இலக்குக்கு ரிங் ஃபிரேமிலும் (நூல் நூற்கும் மெஷின்) கம்ப்ரசரிலும்தான் கைவைக்கணும்.